ஏறுவது இருக்கட்டும், இறங்குவதைப் பேசுவோம்: ஏற்காட்டுக்குக் கேம்பர் வேன்

ஐயா, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: ஓய்வு பெற்றுவிட்டீர்கள், சேலத்தில் இருக்கிறீர்கள், பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சின்னக் கழிப்பறை எல்லாம் வைத்துக் கேம்பர் வேனாக மாற்றியிருக்கிறீர்கள், வீட்டம்மாவோடு முதல் பயணமாக ஏற்காடு போகப் போகிறீர்கள், வண்டியை எப்படிப் பராமரிப்பது, மலையில் எப்படி ஓட்டுவது. இதற்கு நீளமாகப் பட்டியல் போடலாம். ஆனால் கேள்வியின் கடைசி வரியில், இதேபோல் வண்டி வைத்திருக்கும் ஒருவர் ஏற்காட்டில் இருந்து இறங்கும்போது பிரேக் லைனர் (உரசிச் சக்கரத்தை நிறுத்தும் பட்டை) கருகும் வாடை வந்ததாகச் சொன்னார், அது சாதாரணம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அடிக்கடி நடக்கிறது, ஆனால் சாதாரணம் இல்லை. அந்த வாடை வந்த வண்டி, இன்னும் நாலு வளைவு அதே மாதிரி இறங்கியிருந்தால் நிற்காமல் போயிருக்கலாம்.

நான் சேலத்தில் லாரிப் பட்டறையில் 19 வருடம் வேலை பார்த்தவன், அதில் பெரும்பகுதி பிரேக்கும் கிளட்சும்தான். கடந்த 8 வருடமாக உங்களுடையதைப் போலவே மாற்றிய வேன் ஒன்று வைத்திருக்கிறேன், ஏற்காட்டுக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கு இல்லை. ஆகவே பிரேக், டயர், கமான் பட்டை (வண்டிப் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை), எடை பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி, இன்வெர்ட்டர் விஷயத்தில் நான் படித்துத் தொழில் செய்தவன் அல்ல, சொந்த வண்டியில் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்வேன். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்று புரிய வேண்டும். லாரி லோடு ஏற்றிப் போகும், இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். ஆள் ஏற்றும் வேனும் அப்படித்தான், ஒரு நாளில் பாதி நேரம் காலியாக ஓடும். நம் வண்டி அப்படி இல்லை. கட்டிலும் அலமாரியும் தொட்டியும் ஆணியடித்த லோடு, வீட்டு வாசலில் நிற்கும்போதும் அந்தப் பாரம் கமான் பட்டை மேலும் டயர் மேலும்தான் உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று, இது ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம், வருடத்தில் பத்து மாதம் நின்றாலும் ஆச்சரியம் இல்லை. எப்போதும் லோடு, எப்போதாவது ஓட்டம். இந்த வண்டிகளில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசிக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் வேர்.

அதனால் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். சேலம் பைபாஸ் ஓரங்களில் எடை மேடைக்குப் பஞ்சமே இல்லை. தண்ணீர், சிலிண்டர், துணிமணி, நீங்கள் இருவர் என எல்லாம் ஏறிய நிலையில் முழு எடை ஒருமுறை, முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஒருமுறை, பின் சக்கரங்கள் மட்டும் ஒருமுறை எடுங்கள். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அங்கேதான் அதிர்ச்சி. 8க்கு 4 பிளைவுட் ஷீட், 12 மில்லிமீட்டர் கனம் இருந்தாலே 20 கிலோவுக்கு மேல் வரும், உள்ளே எத்தனை ஷீட் போயிருக்கிறது என்று தச்சரைக் கேளுங்கள். 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி 50 கிலோவைத் தாண்டும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, 100 லிட்டர் தொட்டி என்றால் இரண்டு மூட்டை சிமெண்ட். அந்தத் தொட்டியைப் பின்னச்சுக்கும் பின்னால் வைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும், பின்னால் அமுக்கிய பாரம் முன்பக்கத்தைத் தூக்கிவிடும், ஸ்டியரிங் லேசாகத் தெரியும், ஈரமான வளைவில் முன் டயருக்குப் பிடிப்பு குறையும். நான் மலை ஏறும்போது 20, 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் வைப்பதில்லை. தடுப்புத் தகடு இல்லாத தொட்டியில் பாதித் தண்ணீர் இருந்தால் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து அடிக்கும், அந்த ஆட்டம் டிரைவர் இருக்கை வரைக்கும் தெரியும்.

சரி, பிரேக்குக்கு வருகிறேன். அடிவாரத்தில் இருந்து ஏற்காடு ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றரை டன் வண்டி அவ்வளவு உயரத்தில் இருந்து இறங்கும்போது வெளிவரும் ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், 120 லிட்டர் தண்ணீரைக் குழாயில் வரும் சூட்டில் இருந்து கொதிக்கவைக்கும் அளவு வரும். ஒரு பெரிய டிரம் நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைக்கிற சூடு. அது எங்கேயாவது போயாக வேண்டும். கொஞ்சம் காற்றிலும் டயரிலும் போகும், மீதியை ஒன்று எஞ்சின் வாங்க வேண்டும், இல்லையென்றால் நாலு சக்கரத்தில் இருக்கும் பிரேக் வாங்க வேண்டும். எஞ்சின் அதை ரேடியேட்டர் வழியாக வெளியே தள்ளிவிடும், நாள் முழுக்க வேண்டுமானாலும் செய்யும். பிரேக்கால் அது முடியாது, லைனரும், அது உரசும் பிரேக் டிரம்மும் ஓரளவுக்குத்தான் சூட்டைத் தாங்கும். மலையில் இறங்குவதற்கு உள்ள எல்லா வித்தையும் இந்தச் சூட்டை எஞ்சின் பக்கம் தள்ளுவதுதான்.

பிரேக் சூடானால் இரண்டு விதமாகக் கைவிடும், இரண்டும் வேறு வேறு, காலிலேயே வித்தியாசம் தெரியும். ஒன்று, பெடல் கல் மாதிரி நிற்கும், எவ்வளவு அமுக்கினாலும் வண்டி நிற்காது. இது லைனர் சூடாகிப் பிடிப்பு இழந்தது, கருகும் வாடை இதற்கு முன்னால் வந்துவிடும். இன்னொன்று, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இது பிரேக் ஆயில் கொதித்தது. பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு, மூடியிருந்தாலும் ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம், ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும், ஆவியை அமுக்கினால் சுருங்கும், உங்கள் காலின் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஓடாமல் நின்ற வண்டியில் ஆயில் தேயாது, ஆகவே மாற்ற வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதிகம். நின்றாலும் ஈரம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். உங்கள் வண்டிக்கு எந்த வகை என்று ஆயில் டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும்.

இதை எழுதும் எனக்கே இது நடந்தது. வேன் வாங்கிய முதல் வருடம், லாரி பிரேக்கில் 19 வருடம் கை வைத்தவன் என்ற தைரியத்தில் சொந்த வண்டி ஆயிலை மாற்றாமலே ஏற்காடு போனேன். இறங்கும்போது முன்னால் போன கார்களுக்குப் பின்னாலேயே மூன்றாவது கியரில், பெடலில் கால் வைத்தபடியே இறங்கினேன். மேலிருந்து ஏழெட்டு வளைவு தாண்டியிருப்போம், பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி “ஏங்க, துணி தீய்ற மாதிரி வாடை வருதே, அடுப்பை அணைச்சீங்களா” என்று கேட்டாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால் பெடலை அமுக்கினேன், பாதி தூரம் எதுவுமே இல்லாமல் உள்ளே போய், அதற்கப்புறம்தான் பிடித்தது. இரண்டாவது கியருக்கு இறக்கி, பெடலை இரண்டு மூன்று முறை அடித்து, ஓரத்தில் அகலமாக இருந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். 40 நிமிடம் நின்றோம். மறுநாள் ஆயிலைப் பிடித்துப் பார்த்தபோது டிகாஷன் நிறத்தில் இருந்தது. புது ஆயில் கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். அன்றைக்கு அவள் அந்த வாடையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் ரெண்டு வளைவு அதே வேகத்தில் போயிருப்பேன். ஆகவே வீட்டம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள், வாடை வந்தால் உடனே சொல்ல வேண்டும், சந்தேகமாக இருந்தாலும் சொல்ல வேண்டும்.

இறங்கும் முறை இதுதான். ஏற்காட்டை விட்டுக் கிளம்பியதும், முதல் இறக்கத்துக்கு முன்பே இரண்டாவது கியர். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள், நல்ல சொல்தான், ஆனால் இப்போதைய எஞ்சின்களுக்கு இழுவை அதிகம், மூன்றாவதில் ஏறிவிட்ட இடத்தில் இறங்க இரண்டாவது தேவைப்படலாம். கியர் சரிதானா என்று பார்க்க எளிய வழி: ஆக்சிலேட்டரில் இருந்தும் பிரேக்கில் இருந்தும் காலை எடுத்துவிடுங்கள். நேர் இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்துக்கொண்டே போனால் கியர் அதிகம், இன்னொன்று குறையுங்கள். எஞ்சின் இரைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், டேக்கோமீட்டர் முள் சிவப்புக் கோட்டுக்குள் போகாதவரை அதற்கு ஒன்றும் ஆகாது. பிரேக் தேவைப்படும்போது கொஞ்சம் அழுத்தமாகவே பிடித்து வேகத்தைக் குறைத்து, உடனே முழுதாக விட்டுவிடுங்கள். லேசாகப் பிடித்தபடியே இறங்குவதுதான் லைனரைக் கருக்கும், ஏனென்றால் டிரம்முக்குக் காற்று வாங்க ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை. எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) உள்ள வண்டியாக இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

நியூட்ரலில் இறங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தர்மபுரியில் இருந்து சேலம் வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் உங்களுக்குத் தெரியும், அங்கே லாரிகள் முன்னால் போகும் வண்டிகள் மேல் ஏறிய செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம். அதில் பல டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டதால் வந்தவை. அந்த மிச்சக் கணக்கே இப்போது தப்பு. காமன் ரெயில் எனப்படும் இப்போதைய டீசல் எஞ்சினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் போவது நின்றுவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்கினால் இன்னும் மோசம், கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் இருக்காது, ரெண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் போய்விடும்.

வாடை வந்துவிட்டது, அல்லது பெடல் மாறிவிட்டது என்றால், வளைவுக்கு முன்னால் அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து ரிவர்ஸ் கியரில் போட்டு, டயருக்குக் கட்டை கொடுங்கள். சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து விட்டுவிட வேண்டாம், கியரும் கட்டையும்தான் தாங்க வேண்டும். சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது, சூட்டில் இருக்கும் டிரம்மும் டிஸ்க்கும் சட்டென்று குளிர்ந்தால் வெடிப்பு விடும், இல்லையென்றால் கோணிக்கொள்ளும். அரை மணி நேரமாவது தானாக ஆறட்டும். கட்டைக்கு நான் மரத்தில் ஆப்பு மாதிரி இரண்டு அறுத்து வைத்திருக்கிறேன். சாலையோரக் கல்லை எடுத்து அண்டை கொடுத்தால், கிளம்பும்போது தயவுசெய்து அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். பைக்கில் வரும் பிள்ளை ராத்திரியில் அதன்மேல் ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு முறை அடிவாரம் வந்து சேர்ந்ததும் நான் செய்வது ஒன்று உண்டு. வண்டியைச் சுற்றி நடந்து, நாலு சக்கரத்தின் நடுவிலும் உள்ளங்கையைத் தொடாமல் நாலு விரல்கடை தள்ளிப் பிடிப்பேன். முன் இரண்டும் ஒரே அனல் அடிக்க வேண்டும், பின் இரண்டும் ஒரே அனல். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஒன்று மட்டும் ஆறியிருந்தால் அது வேலையே செய்யவில்லை. நான் வேலை கற்றுக்கொண்ட பட்டறையில் மூத்த மேஸ்திரி சொல்லிக் கொடுத்த சோதனை இது, எந்தக் கருவியும் வேண்டாம்.

ஏறுவது இதைவிடச் சுலபம். எஞ்சின் திணறும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கியரைக் குறைப்பது, வெப்ப முள் ஏறினால் ஏ.சி.யை அணைப்பது, சரிவில் நிற்கும்போது பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்காமல் ஹேண்ட் பிரேக்கில் நிறுத்துவது, மேலே போய்ச் சேர்ந்ததும் டர்போ ஆற எஞ்சினை ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைப்பது, இவ்வளவுதான். கொதித்துவிட்டால் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், முழுக்க ஆறின பிறகுதான்.

வளைவுகளில் நம் வண்டிக்கு இருக்கும் சங்கடம் நீளம். பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், பின்னச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வெளிப்பக்கமாக வீசும். அந்தப் பகுதியில் சைக்கிள் ஸ்டாண்டு, ஏணி என்று ஏதாவது மாட்டியிருந்தால் அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஹாரன் அடித்து, வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தையும் கியரையும் குறைத்து, உள்ளே போனபிறகு ஸ்டியரிங்கை மட்டும் பாருங்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு முன்னுரிமை, இறங்குபவர் நிற்க வேண்டும் என்பது விதி. பஸ் ஏறுவது கீழே தெரிந்தால் நான் வளைவுக்கு மேலேயே நின்றுவிடுவேன், அந்த வளைவில் பஸ்ஸுக்கு முழு அகலமும் வேண்டும். உங்கள் வேனை எடுத்துப்போகும் முன்பு ஒருமுறை சேலத்தில் இருந்து ஏற்காடு பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து போய்வாருங்கள். எந்த இடத்தில் டிரைவர் கியர் மாற்றுகிறார், எங்கே நின்று வழிவிடுகிறார் என்று பார்த்தால், நான் இங்கே எழுதுவதில் பாதி தேவையே இல்லை. குப்பனூர் வழியாகவும் ஏற்காட்டுக்குச் சாலை உண்டு. மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி நாட்களில் நெரிசலுக்காகத் திரும்பும் வண்டிகளை அந்தப் பக்கம் திருப்பிவிடுவது வழக்கம். முதல் பயணத்துக்கு அந்த நாட்கள் வேண்டவே வேண்டாம். மழைக் காலத்திலும் அவசரம் வேண்டாம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. பனி இறங்கினால் ஹை பீம் போடாதீர்கள், வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும்.

கிளம்பும் முன் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் பூட்டுங்கள். அலமாரிக் கதவு, இழுப்பறை, முக்கியமாகத் தண்ணீர் பாட்டில். டிரைவர் காலடிக்கு உருண்டு வந்து பெடலுக்குக் கீழே மாட்டிக்கொண்ட ஒரு லிட்டர் பாட்டிலை நான் குனிந்து எடுத்திருக்கிறேன், நல்லவேளை அது சமதரையில்.

டயர் விஷயத்தில் பட்டனை (சாலையைத் தொடும் பக்கத்து வெட்டுகளை) பார்த்து ஏமாற வேண்டாம். நம் வண்டி டயர் தேய்ந்து சாகாது, வயதாகிச் சாகும். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. ஸ்டெப்னியையும் பாருங்கள், வண்டியோடு வந்த அதே ஸ்டெப்னி பத்து வருடமாக அடியில் தொங்குவது சகஜம். எத்தனை வருடத்தில் மாற்றுவது என்பதில் ஒரே கருத்து கிடையாது. வெயிலில் லோடோடு நிற்கும் வண்டிக்கு நான் ஆறு வருடம் என்று வைத்திருக்கிறேன், பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அதற்கு முன்பே. காற்று காலையில், ஓடாத டயரில் அளக்க வேண்டும். மலைமேல் போனால் காற்று அதிகமாகிவிடும், கொஞ்சம் இறக்கிவிடு என்று சிலர் சொல்வார்கள், இறக்காதீர்கள். உயரத்தில் வெளிக் காற்றழுத்தம் குறைவதால் கேஜில் 2 பிஎஸ்ஐ போலக் கூடத் தெரியும், ஆனால் சேலத்து வெயிலில் இருந்து ஏற்காட்டுக் குளிருக்குப் போனதும் டயர் காற்று சுருங்கி கிட்டத்தட்ட அதே அளவு குறைந்துவிடும். நைட்ரஜன் அடிக்கலாமா என்றால், அடித்தால் கெடுதல் இல்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 50, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

நிற்கும் நாட்களைப் பற்றி. மாதம் ஒருமுறை 20, 30 கிலோமீட்டர் ஓட்டுங்கள், வாசலில் நிறுத்தியபடி பத்து நிமிடம் ஸ்டார்ட்டில் வைப்பதால் எஞ்சின் ஆயில்கூட முழுச் சூட்டுக்கு வராது. நீண்ட நாள் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு கியரும் கட்டையும் போதும், இல்லையென்றால் மழைக் காலத்தில் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். மேல்கூரையில் துளை போட்டு வைத்த விசிறி, சோலார் பலகை இவற்றின் ஓரங்கள் சேலம் வெயிலில் காய்ந்து வெடிக்கும். வருடம் ஒருமுறை ஒருவர் ஹோஸ் பிடித்துப் பத்து நிமிடம் தண்ணீர் அடிக்க, இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு பாருங்கள். பூச்சுக்கு சிலிக்கான் வேண்டாம், பாலியூரித்தேன் வாங்குங்கள், சிலிக்கான் பூசிய இடத்தில் அடுத்த முறை எதுவுமே ஒட்டாது. எலிக்கு, தரையில் குழாயும் ஒயரும் போகும் துளைகளைச் சுற்றி இரும்பு நாரை அடைத்துவிடுங்கள். அந்துருண்டை போட்டால் வராது என்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, போட்ட பிறகும் என் வண்டியில் ஒயரைக் கடித்திருந்தது.

பேட்டரியில் என் அனுபவம் இவ்வளவுதான்: லெட் ஆசிட் பேட்டரியை இரண்டு மணி நேரம் எதுவும் ஓடாமல் விட்டு அளந்தால் 12.7 வோல்ட் நிறைவு, 12.2 பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் போய்விடும். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 12 வோல்ட்டில் 160 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்த ஒயர் எவ்வளவு தடிமன், பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள், ஒயரின் மறுமுனையில் இருந்தால் நடுவில் உரசும் ஒயரை அது காப்பாற்றாது. லித்தியம் பேட்டரியை வண்டி டைனமோவோடு நேராக இணைக்காதீர்கள், நடுவில் டிசி டிசி சார்ஜர் வேண்டும். இதற்குமேல் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

கேஸ் விஷயத்தில் மட்டும் சந்தேகத்துக்கே இடம் இல்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே இறங்கித் தரையில் தேங்கும், ஜன்னலைத் திறந்தால் போகாது. சிலிண்டர் வைத்த பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை இருந்தே ஆக வேண்டும், அதைக் கால்மிதியால் மூடிவிடாதீர்கள். மலை ஏறும்போது ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். மேலே போனதும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். ஏற்காட்டுக் குளிருக்காக அடுப்பை எரியவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது உயிருக்கு ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. மேல் விசிறியைக் கொஞ்சம் திறந்து வைத்து, கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள். இரண்டு பேர் மூச்சில் ஒரு ராத்திரிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் வெளியே வரும், காற்றோட்டம் இல்லாவிட்டால் அது மெத்தைக்கு அடியில் பூஞ்சையாக வந்து நிற்கும். ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று கதவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் இல்லை. அப்புறம், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், பானையில் சோறு வேக நேரம் ஆகும், குக்கர் எடுத்துப் போங்கள். குரங்குகள் நடமாட்டம் உண்டு, சாப்பாட்டை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து போடாதீர்கள்.

காகித விஷயம் ஒன்றே ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதியோடு ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். மோட்டார் கேரவன்களுக்கு ஏஐஎஸ் 124 என்று தனித் தரமே இருக்கிறது. பதியாமல் ஓட்டினால், விபத்தில் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் உங்கள் எல்எம்வி (இலகுரக வாகன) உரிமமே போதும்.

முதல் பயணத்துக்கு முன் இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முடியாது. பிரேக் ஆயில், நாலு சக்கர லைனர், டயர் வருடம், எடை, கேஸ் பெட்டித் துளை, இந்த ஐந்தையும் முடிக்காமல் மலை ஏறாதீர்கள், மீதி மெல்லச் செய்யலாம். எடை மேடைச் சீட்டு வந்ததும் முன்னச்சு எடை, பின்னச்சு எடை, டயரின் அளவு, பக்கச் சுவரில் எழுதியிருக்கும் லோடு எண், இந்த நாலையும் இங்கேயே எழுதுங்கள், எவ்வளவு காற்று வைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.